வலது பக்கம் கொஞ்சம் கம்மி

வாங்க தம்பி, உள்ள வாங்க. காலைல போன்ல பேசினது நீங்கதானே, ஆம்ப் பாக்கணும்னு? கரூர்லேர்ந்து பைக்லயே வந்துட்டீங்களா, இந்த வெயில்ல? உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இப்படி எனக்கு வலது பக்கமா வந்து உக்காருங்க. மொதல்ல ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இயர்போன் முனையில மாட்டற காது ரப்பர் உங்களுது கொண்டு வந்திருக்கீங்களா?

டப்பியில போட்டுக் கொண்டாந்திருக்கீங்க. ஸ்பிரிட் பஞ்சு வேறயா! அப்ப நீங்க மனுஷ ஜாதி. ஏன் சொல்றேன்னா, நான் பாத்த அசிங்கம் ஒண்ணு ரெண்டு இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு ஹோட்டல் மாடியில ஞாயித்துக்கிழமை கூட்டம்னு ஒண்ணு நடத்தினோம். பாட்டுப் பைத்தியங்க எல்லாம் அவங்கவங்க பிளேயர், ஆம்ப், காதுக்குள்ள சொருகற இயர்போன் எல்லாத்தையும் தூக்கிட்டு வருவாங்க. ஒருத்தர் இயர்போனை இன்னொருத்தர் பிளேயர்ல மாட்டிக் கேப்போம், நடுவுல சத்தத்தைக் கூட்டறதுக்கு மூணாமத்தவர் ஆம்ப். இதுக்கு இருந்தது ஒரே சட்டம்தான். அவங்கவங்க ரப்பரை அவங்கவங்க கொண்டு வரணும், மாட்டறதுக்கு முன்னாடி தொடைக்கணும். எவன் கேட்டான்? பல் டாக்டர் ஒருத்தர் வருவாரு. ஊரு வாயெல்லாம் சுத்தம் பண்ற மனுஷன். அவரு இயர்போனை வாங்கிப் பாத்தா ஓட்டை பூரா மஞ்சளா அடைச்சுக்கிட்டு நிக்குது. அதை என் கையில குடுத்துட்டு, மேல்ஸ்தாயி எப்படி வருது பாருங்கன்னாரு. அன்னிக்கு நான் மத்தியானம் சாப்பிடலை தம்பி. சோத்துல கை வைக்க முடியலை.

சரி, அதை விடுங்க. அந்தக் கூட்டத்துல எனக்குப் பேரே ஜோசியர். சபேசன்னு கூப்பிட மாட்டாங்க, ஜோசியரேன்னுதான் கூப்பிடுவாங்க. எந்த இயர்போனைக் கொண்டாந்து குடுத்தாலும் ரெண்டு பாட்டு கேட்டுட்டு, இதுக்கு இந்தப் பிளேயர் பொருந்தும், இந்த ஆம்ப் ஆகாதுன்னு சொல்லிடுவேன். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். தனித்தனியாப் பாத்தா ரெண்டும் தங்கம், சேத்து வச்சா தெனம் சண்டை. புதுசா வர்ற பயலுங்க எல்லாம் பெரிய ஆம்ப் வாங்கினா பெரிய சத்தம், பெரிய சுகம்னு நெனைக்கறானுங்க. காதுக்குள்ள போற இயர்போனுக்கு எதுக்கு அவ்வளவு பலம்? அதுக்கு வேண்டியது அமைதி. பலமான ஆம்ப்ல மாட்டினீங்கன்னா, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஸ்ஸுனு ஒரு இரைச்சல் வரும். அதைக் கேட்டுக்கிட்டே, ஆகா என்ன தெளிவுங்கறான். காசைக் குடுத்து இரைச்சலை வாங்கிட்டு ஆகாங்கறான்.

இந்தா இருக்கு பாருங்க, நீங்க கேட்ட ஆம்ப். போன ஐப்பசியில வாங்கினேன். பார்சல் வந்த அன்னிக்கு எனக்கு நல்ல காய்ச்சல், அந்த மழையில ஊரே படுத்துக் கெடந்துதே, அதுல. காதுல குய்யுனு ஒரு சத்தம் வேற கொஞ்ச நாள் இருந்துது, அப்புறம் அதுவாப் போயிடுச்சு. உடம்பு தேறி எழுந்து ஆசையாப் பிரிச்சு மாட்டறேன், வலது பக்கம் கம்மி. பாடறவங்க நடுவுல நிக்கணுமில்ல? இடது பக்கமாப் போயி சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கறாங்க. கடைக்கு அனுப்பினேன். பாத்துட்டோம் சார், ஒரு குறையும் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டான். திரும்ப அனுப்பினேன். திரும்ப அதே பதில். வித்த காசு பையில விழுந்ததும் எவனுக்கும் காது கேக்கறதில்லை.

நான் என்ன பண்ணினேன், பொருத்தம்தான் சரியில்லை போலன்னு இயர்போனை மாத்தினேன். வலது பக்கம் கம்மி. பிளேயரை மாத்தினேன். வலது பக்கம் கம்மி. கடைசியா, ரப்பரே வேண்டாம்னு காதுக்கு அச்செடுத்து ஒண்ணு செஞ்சுக்கிட்டேன், காதுக்குள்ள களிமண்ணு மாதிரி ஒண்ணை அமுக்கி அச்செடுப்பாங்க, தெரியுமில்ல? என் காதுக்குன்னே செஞ்சது, வேற எந்தக் காதுலயும் நுழையாது. அதுலயும் அதே கதை. இப்ப உலகத்துல ஒருத்தனும் ஒழுங்கா ஒரு சாமானைச் செய்யறதில்லை தம்பி. அப்ப எல்லாம் ஒரு சின்ன டேப் ரிக்கார்டர்ல கூட ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி சமமா இருக்கும்.

கூட்டத்துக்கும் இப்ப நான் போறதில்லை. அந்தப் பல் டாக்டர் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்து, ஜோசியரே கேளுங்கன்னாரு. கேட்டேன். உள்ளதைச் சொன்னேன், வலது பக்கம் அடி வாங்கியிருக்கு, திருப்பிக் குடுத்துடுங்கன்னு. ஒவ்வொருத்தனா வாங்கி மாட்டிப் பாக்கறான், எல்லாரும் நல்லாத்தான் இருக்குங்கறான். டாக்டர் மனசு நோகக்கூடாதாம். முகத்துக்காகப் பேசற கூட்டத்துல எனக்கு என்ன வேலை? எழுந்து வந்துட்டேன்.

என்ன கேட்டீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, ஃபேன் வேற கடகடங்குது. வீட்டுல யாரும் இல்லையான்னா? இல்லை. என் சம்சாரம் விசாலி நேத்தே மண்டபத்துக்குப் போயிட்டா. மண்ணச்சநல்லூர்ல. நாளைக்குக் காலைல எம் பொண்ணுக்குக் கல்யாணம்.

ஏன் எழுந்திருக்கறீங்க? உக்காருங்க. நான் போகலை. அதான் இங்க உக்காந்து உங்க கிட்ட ஆம்ப் வித்துக்கிட்டு இருக்கேன். மோர் குடிக்கறீங்களா? வேண்டாமா, சரி.

சொல்றேன், கேளுங்க. நீங்க வெளி ஆளு, நீங்களே நியாயம் சொல்லுங்க. எனக்கு ஒரே பொண்ணு, சிந்துஜா. கணக்குத் தணிக்கை ஆபீஸ்ல இருக்கா. மெல்லத்தான் பேசுவா, சின்ன வயசுலேர்ந்தே அப்படி. அவ போயும் போயும் யாரைப் பிடிச்சிருக்கா தெரியுமா? மைக் செட்டுக்காரனை. சவுண்ட் சர்வீஸ்! பேரு இளவழகன். காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், ஆடி மாசம் கூழு ஊத்தறது, எல்லாத்துக்கும் குழாயைக் கட்டி ஊரு காதைக் கிழிக்கற தொழிலு. அவங்க ஆபீஸ் ஆண்டு விழாவுக்குப் பொட்டியைத் தூக்கிட்டு வந்தானாம், அங்க பழக்கமாம். ஒரு நூல் அளவு சத்தம் பிசகினாலும் எனக்குத் தூக்கம் வராது. எம் பொண்ணு, எம் மடியில உக்காந்து பாட்டுக் கேட்டு வளந்த பொண்ணு, குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கப் போறா.

அதைக்கூட நான் பொறுத்துப்பேன். தொழிலுல என்ன இருக்கு, உழைச்சுச் சாப்பிடறான். எனக்கு அருவருப்பு எதுலன்னா, பொய்யில. பெத்த பொண்ணு முகத்தைப் பாத்துப் பொய் சொன்னா.

என்ன நடந்துதுன்னா, மாசி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. வாசல்ல ரெண்டு கார் வந்து நிக்குது. பழத் தட்டு, பூத் தட்டு, வெத்தலை பாக்குன்னு பத்துப் பதினஞ்சு பேரு உள்ள வர்றாங்க. நான் பனியனோட உக்காந்திருக்கேன். யாருங்க நீங்கன்னேன். மாப்பிள்ளை வீடுங்கன்னு சிரிக்கறாங்க. யாரைக் கேட்டு வந்தீங்கன்னேன். அப்ப சிந்துஜா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நான்தான் உங்க கிட்ட சொன்னேனேப்பா, நீங்களும் சரின்னீங்களேப்பாங்கறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. எப்ப சொன்னே? போன ஞாயித்துக்கிழமை காலைல, இதே சோபாவுல உக்காந்து எல்லாத்தையும் சொன்னாளாம்.

சொல்லவே இல்லை தம்பி. சத்தியமா சொல்லலை. எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றேன்னு கேளுங்க. நான் வீட்டுல பாட்டுக் கேக்கும்போது ரெண்டு காதுலயும் மாட்டறதே கெடையாது. விசாலி ஒரு காலத்துல சண்டை போட்டா, வீட்டுல இருந்தும் இல்லாத மாதிரி இருக்கீங்கன்னு. அன்னிலேர்ந்து ஒரு நியமம் வச்சிருக்கேன். எல்லாரும் முழிச்சிருக்கற நேரத்துல இடது காதுல மட்டும்தான் பாட்டு. வலது காது வீட்டுக்கு. ஒரு நாளும் அதை மீறினதில்லை. எந்தப் பாட்டுப் பைத்தியமாவது பொண்டாட்டி புள்ளைக்குன்னு ஒரு காதை எழுதி வச்சிருக்கானா, நீங்களே சொல்லுங்க.

அந்த ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான். இட்லி சாப்பிட்டுட்டு இந்த ஆம்பை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ வந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே எடத்துல உக்காந்தா. ஏதோ சொன்னா, நானும் தலையாட்டினேன். ஆபீஸ்ல மாத்தல் பத்தி ஏதோ பேச்சு ஓடிக்கிட்டு இருந்துது, அதைத்தான் சொல்லியிருப்பா. உனக்கு எது நல்லதுன்னு படுதோ அதைச் செய்யிம்மா, அப்பா குறுக்க நிக்க மாட்டேன்னேன். நான் எப்பவும் அவ கிட்ட சொல்றதுதான் அது. அப்படியே என்னைக் கட்டிக்கிட்டு அழுதா. ஆபீஸ் மாத்தலுக்கு எவளாவது கட்டிக்கிட்டு அழுவாளான்னு பாக்கறீங்களா? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு என்ன தம்பி, எதுக்கு வேணா அழுவாங்க. கண்ணைத் தொடைச்சுக்கிட்டுச் சிரிச்சா, உள்ள போயிட்டா. அவ்வளவுதான் நடந்தது.

அதை இவ இப்படித் திரிச்சுட்டா. வந்தவங்க எல்லாம் தட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாங்க. நான் சொன்னேன், பொய் சொல்றா எம் பொண்ணு, இவ என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, பொய்க்காரின்னேன். அத்தனை பேரு முன்னாடியும் சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது? உண்மையைத்தானே சொன்னேன். அந்தப் பையனோட அம்மா தட்டைக் கீழ வைக்கறதா, எடுத்துக்கிட்டுப் போறதான்னு தெரியாம என்னையே பாத்துக்கிட்டு நின்னுது.

அப்புறம் அவன் மட்டும் தனியா ஒரு நாள் வந்தான். மாமா மாமான்னு மரியாதையாத்தான் பேசினான், குறை சொல்லக் கூடாது. இவனுக்கு என்னதான் தெரியுது பாப்போம்னு இந்தப் பிளேயர், இந்த ஆம்ப், இருக்கறதுலயே நல்ல இயர்போன், மூணையும் சேத்து மாட்டிக் குடுத்தேன். கேட்டான். கண்ணை மூடிக்கிட்டு வேற கேட்டான். நல்லாருக்கு மாமா, சத்தம்தான் கொஞ்சம் பத்தலைங்கறான்! வலது பக்கம் கம்மியாத் தெரியுதான்னு கேட்டேன். இல்லையே, ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குதுங்கறான். குழாய்க்கு அடியிலயே படுத்துத் தூங்கறவனுக்கு எந்தப் பக்கம் கேட்டா என்ன? அவன் மாட்டின ரப்பரைக் கழட்டிக் குப்பையில போட்டேன்.

ஊருல உள்ளவங்க எல்லாம் வந்து பேசிப் பாத்தாங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அப்பா கிட்ட நான் சொல்லலை, பயந்துக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன், அப்படின்னு ஒரு வார்த்தை அவ சொல்லட்டும். மறு நிமிஷம் எழுந்து வந்து நானே தாரை வார்த்துக் குடுக்கறேன், மைக் செட்டா இருந்தா என்ன, மாட்டு வண்டியா இருந்தா என்ன. நேத்து சாயங்காலம் மண்டபத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி வந்து நின்னா. மூணு மாசமாப் பேசாதவ, இந்தா, எனக்கு நேரா நின்னா.

"நீங்க இல்லாம எனக்கு இந்தக் கல்யாணம் சந்தோஷமா இருக்காதுப்பா. ஆனா சொன்னதைச் சொல்லலைன்னு என்னால சொல்ல முடியாது. அன்னிக்கு நீங்க சரின்னதுதான் என் வாழ்க்கையிலயே எனக்குப் பெரிய சந்தோஷம். அதையும் என் கிட்டேர்ந்து புடுங்காதீங்க."

அப்படின்னுட்டுக் கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போயிட்டா. எப்படி இருக்கு பாத்தீங்களா? பொய்யைச் சொல்லிட்டு, அதையே புடிச்சுக்கிட்டு நிக்கற அழுத்தம். என் மச்சான் தாரை வார்க்கறானாம் நாளைக்கு. குளிச்சா காதுகூடத் தொடைக்காத ஆளு அவன். விசாலி போகும்போது வாசல்ல நின்னு, உங்களுக்குக் காது கேக்குதா இல்லையான்னு ஒரு சத்தம் போட்டுட்டுப் போனா. பொண்டாட்டிங்க எல்லாம் சொல்றதுதானே அது. காலைல எழுந்ததும், இந்தக் கருமாந்தரம் ஒண்ணும் இனிமே வேண்டாம்னு எல்லாத்தையும் விக்கறேன்னு நெட்ல போட்டேன். மொதல் ஆளா நீங்க கூப்பிட்டீங்க.

சரி, கேட்டுப் பாருங்க. முன்னாடியே சொல்லிடறேன், குறையை மறைச்சு விக்கறவன் நான் இல்லை. வலது பக்கம் கொஞ்சம் கம்மி. அதுக்குத் தகுந்த மாதிரி நீங்களே விலை சொல்லுங்க. இந்த இயர்போன்ல உங்க ரப்பரைப் போட்டுக்குங்க, கம்பியைக் காதுக்குப் பின்னால சுத்தி மாட்டுங்க, ஆங், அப்படித்தான். கேளுங்க, நிதானமாக் கேளுங்க.

என்ன தலையை ஆட்டறீங்க? கழட்டிட்டுச் சொல்லுங்க. என்னது, சமமா இருக்கா? தம்பி, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க, உங்க காசு. வலது பக்கம்? குறையே இல்லைங்கறீங்களா? இருங்க இருங்க. யாரு உங்களை அனுப்பினது? சிந்துஜாவா? அந்தப் பையனா? உண்மையைச் சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.

சரி, நம்பறேன். உங்களைப் பாத்தா அப்படித் தெரியலை. எதுக்கும் ஒரு தடவை என்னை இடது வலது மாத்திப் போட்டுப் பாருங்கங்கறீங்க. அதைச் செய்யவே கூடாது தம்பி, எங்க கூட்டத்துல அதை ஒருத்தனும் செய்ய மாட்டான். கோயிலைத் தப்புப் பக்கமாச் சுத்தற மாதிரி அது. வயலின் இருக்கற எடத்துல மிருதங்கம் வந்து உக்காரும், மேடையே தலைகீழாப் போயிடும். அதோட இதெல்லாம் வளைவு வச்சுச் செஞ்சது, இடது காதுக்கு உள்ளது வலதுல நிக்காது. என் அச்செடுத்தது சொல்லவே வேண்டாம். இத்தனை வருஷத்துல நான் மாத்திப் போட்டதே இல்லை. எதுக்குப் போடணும்?

இது என்ன? உங்க போனோட வந்ததா? சாதா உருண்டை இயர்போன், எந்தப் பக்கம் வேணா மாட்டலாம், சரி. சீ, இதை எப்பவாவது தொடைச்சிருக்கீங்களா தம்பி? ஓரமெல்லாம் பாருங்க எப்படிக் கறுத்துப் போயிருக்குன்னு. அந்தப் பஞ்சைக் குடுங்க. இன்னொண்ணு குடுங்க. ம். என் காதுல இந்தக் கழிசடையை மாட்டணும்னு எழுதியிருக்கு இன்னிக்கு. சரி, ஏதாவது பாட்டுப் போடுங்க.

இடது நல்லாருக்கு. வலது கம்மி. பாத்தீங்களா, உங்களுதும் அதேதான். எங்கயோ கீழ போட்டிருக்கீங்க. மாத்தணுமா? மாத்தறேன், நீங்க இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்களேன்னு மாத்தறேன்.

மாத்திட்டேன்.

இருங்க, பேசாதீங்க.

இது இப்ப இடது காதுல நல்லாக் கேக்குது. இதுதானே கொஞ்ச நேரம் முன்னாடி கம்மியா இருந்தது? அது... அது இப்ப வலதுல கம்மியா இருக்கு. இருங்க, நான் எங்கயோ குழப்பிட்டேன். திரும்ப மாத்தறேன். ம். திரும்பவும் வலதுதான். எதைக் கொண்டாந்து வச்சாலும் வலதுதான்.

தம்பி, அந்த ஃபேனை நிறுத்துங்க. நிறுத்திட்டு, இதே வலது பக்கம் உக்காந்து எங்கிட்ட மெல்ல ஏதாவது சொல்லுங்க. எதையாவது. நான் உங்க வாயைப் பாக்கலை, இடது காதைப் பொத்திக்கறேன். சொல்லுங்க.

சொல்லிட்டீங்களா?

சொல்லி முடிச்சிட்டீங்களா?

இந்தக் காதைத்தான் நான் வீட்டுக்குன்னு வச்சிருந்தேன்.

அவ சொல்லியிருக்கா தம்பி. இங்க உக்காந்து, அவன் பேரு, அவன் தொழிலு, எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லியிருக்கா. எவ்வளவு நாள் மனசுக்குள்ள ஒத்திகை பாத்தாளோ. நான் பாட்டைக் கேட்டுக்கிட்டே தலையை ஆட்டியிருக்கேன், குறுக்க நிக்க மாட்டேம்மான்னிருக்கேன். அதுக்குத்தான் கட்டிக்கிட்டு அழுதிருக்கா. அந்தப் புள்ளையைப் போயி பொய்க்காரின்னேன், தட்டோட நிக்கற ஜனங்களுக்கு முன்னாடி. சீ. என்னை நெனைச்சாலே எனக்கு அருவருப்பா இருக்கு.

ஆம்ப் எவ்வளவுன்னு எல்லாம் இப்ப கேக்காதீங்க, அப்புறம் பேசிக்கலாம். வண்டியில இன்னொரு ஆளு உக்கார எடம் இருக்கில்ல? என்னை மண்ணச்சநல்லூர் வரைக்கும் கொண்டு போயி விடுங்க, தம்பி. வேட்டி மாத்திக்கிட்டு வந்துடறேன். அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் இப்ப மண்டபத்துலதான் இருப்பாங்க. இருக்கட்டும், அவங்க முன்னாடிதானே அவளைச் சொன்னேன், அவங்க முன்னாடிதான் அவ பொய் சொல்லலைன்னு சொல்லணும். அதுக்கு அவ என்ன பதில் சொல்லுவான்னு தெரியலை, அவ சத்தம் போட்டுப் பேசற பொண்ணு இல்லை. எது சொன்னாலும் எனக்கு இடது பக்கமா வந்து நின்னு சொல்லச் சொல்லணும்.